புற்றுநோயாளரின் உறக்கம்: ஊசி செய்வதும் உற்றார் செய்வதும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

ஆண்டு விழா என்பது இசையும் நாடகமும் குழந்தைகளின் ஆடலும் நிறைந்த நன்னாள். இந்நாளில் நோயைப் பற்றிப் பேச ஒருவனை மேடையேற்றலாமா என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. ஆயினும், நம் காலனியில் சில வீடுகளில் புற்றுநோய் புகுந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வீட்டார் மாடிப்படியிலும் பால்கடையிலும் என்னைக் காணுந்தோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்குபங்சர் செய்துகொண்டால் தூக்கம் வருமாமே? சிகிச்சை தொடங்குமுன்பே செய்துகொண்டால் தூக்கம் கெடாமலே இருக்குமாமே? உண்மைதானா?" என்பதே அது. தனித்தனியே சொல்லிவந்த விடையை இன்று அவையோர் முன் ஒருசேரச் சொல்ல விழைகின்றேன்.

திருக்குறளில் 'மருந்து' என்ற தலைப்பில் ஓர் அதிகாரம் இருப்பதை அறிவீர்கள். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பகுக்கின்றது. நோயாளி ஒரு பகுதி. மருத்துவர் ஒரு பகுதி. மருந்து ஒரு பகுதி. அருகிருந்து பேணுபவர் ஒரு பகுதி. உறக்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்த நான்காம் பகுதியை மறந்துவிடலாகாது. ஊசியால் ஆவது எது, உற்றாரால் ஆவது எது என்று பிரித்துக் காண்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

முதலில் நோயின் பரப்பைக் காண்போம். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானோர் ஏறத்தாழ 14 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டது. இவர்களுள் உறக்கம் கெடுவோர் சிலரல்லர். பொதுமக்களிடையே காணப்படுவதைவிடப் புற்றுநோயாளரிடையே தூக்கமின்மை பன்மடங்கு மிகுதி என்று ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. எனினும் மருத்துவரிடம் இதைச் சொல்வோர் குறைவு. "உயிரே ஊசலாடும்போது தூக்கத்தைப் பற்றிப் புலம்புவதா?" என்று நோயாளி நாணுகின்றார். மருத்துவரோ கட்டியின் அளவையும் இரத்தப் பரிசோதனையையும் கேட்கின்றார். இரவு எப்படிக் கழிந்தது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. இவ்வாறு இருவருக்கும் இடையே உறக்கம் தொலைந்துபோகின்றது.

உறக்கம் கெட்டால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்பீர்களாயின், சொல்கின்றேன். உறங்காதவருக்கு வலி மிகுதியாகத் தோன்றும். அயர்ச்சி கூடும். மனம் தளரும். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடலாமா என்ற எண்ணம் பெரும்பாலும் பின்னிரவில்தான் எழுகின்றது. ஆகவே உறக்கம் ஆடம்பரமன்று. சிகிச்சையைத் தாங்கும் வலிமைக்கு அதுவும் ஓர் அடித்தளம்.

ஏன் கெடுகின்றது? காரணம் ஒன்றன்று. வலி ஒரு காரணம். அச்சம் ஒரு காரணம். வாந்தியைத் தடுப்பதற்காக மருந்துச் சிகிச்சையோடு கொடுக்கப்படும் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் மூளையை விழிக்கச் செய்பவை. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் டமாக்சிஃபென் முதலிய மருந்துகள் இரவில் உடம்பைக் கொதிக்கச் செய்து வியர்வையோடு எழுப்பிவிடும். இவையன்றிப் பகலெல்லாம் படுக்கையில் கிடப்பதும் ஒரு காரணம்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் என்பவரும் அவருடைய துணைவரும் 1987-ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தனர். தூக்கமின்மைக்கு மூவகைக் காரணங்கள் உண்டு என்பது அவர்தம் கருத்து. சிலருக்கு இயல்பிலேயே மெல்லிய உறக்கம்; அது நிலம். நோய், துயரம் போன்றவை அந்நிலத்தில் விழும் வித்து. வித்து முளைத்தபின் அதற்கு நீர் வார்ப்பவை நம் பழக்கங்கள். இரவில் உறங்கவில்லையே என்று பகலில் உறங்குவதும், உறக்கம் வராமலே மணிக்கணக்கில் புரண்டு கிடப்பதும், கடிகாரத்தை நொடிக்கொருமுறை பார்ப்பதும் அந்த நீர். நிலத்தை மாற்ற நம்மால் இயலாது. வித்தையும் எப்போதும் தடுக்க இயலாது. நீர் வார்ப்பதை நிறுத்த இயலும். தடுப்பு என்பதன் உட்பொருள் இதுவேயாகும்.

இனி அக்குபங்சர் எனப்படும் குத்தூசி மருத்துவத்துக்கு வருவோம். சீன நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் முறை இது. மயிரினும் சற்றே தடித்த மெல்லிய ஊசிகளை உடம்பின் குறித்த இடங்களில் செலுத்திச் சிறிது நேரம் வைத்திருந்து எடுப்பர். ஊசியின் வழியே மருந்தெதுவும் ஏற்றுவதில்லை.

நாம் வாழும் இம்மாநகருக்கும் அம்மருத்துவத்துக்கும் ஓர் உறவு உண்டு என்பது நம் இளைஞருள் பலருக்குத் தெரியாது. 1938-ஆம் ஆண்டில், சப்பானியரின் படையெடுப்பால் துன்புற்ற சீன மக்களுக்கு உதவ, இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவருள் சோலாப்பூரில் பிறந்த டாக்டர் கோட்னிஸ் 1942-இல் அந்த மண்ணிலேயே உயிர் துறந்தார். அக்குழுவில் உடன் சென்ற மற்றொருவர் வங்காளத்தைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. இவர் 1950-களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று இக்கலையைக் கற்றுவந்து, நாம் கல்கத்தா என்றழைத்துவந்த இக்கொல்கத்தாவில் அதைத் தொடங்கிவைத்தார். 1996-ஆம் ஆண்டில் மேற்கு வங்க அரசு குத்தூசி மருத்துவத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றிற்று. இந்நகரின் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையோ 1950-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், மேரி கியூரி அம்மையாரின் மகளாரும் நோபல் பரிசு பெற்றவருமான ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையாரால் திறந்துவைக்கப்பட்டது. கதிரியக்கம் தந்த மருத்துவமும் கிழக்கு தந்த ஊசியும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் இந்நகருள் காலடி வைத்தன. ஒன்றுக்கொன்று பகையாக நிற்க வேண்டியதில்லை. ஆனால் எது எதைச் செய்யும் என்பதை அளந்தறிதல் வேண்டும்.

அளந்தவர்கள் என்ன கண்டார்கள்? மருந்துச் சிகிச்சையால் வரும் குமட்டலையும் வாந்தியையும் தணிப்பதில் குத்தூசி பயன்தருகின்றது என்று 1997-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு கூறியது. புற்றுநோயிலிருந்து மீண்ட 360 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்று, நாட்பட்ட தசை வலியையும் எலும்பு வலியையும் ஊசி குறைக்கின்றது என்று காட்டிற்று. வலி குறைந்தால் உறக்கத்திற்கு வழி பிறக்கும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

உறக்கத்திற்கென்றே செய்த ஆய்வுகளுள் சிறந்தது 2019-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழக இதழில் வெளிவந்தது. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும் தூக்கமின்மையால் வருந்திய 160 பேரை ஆய்வாளர்கள் இரு பிரிவாக்கினர். யார் எப்பிரிவு என்பதைத் திருவுளச்சீட்டுப் போல் தற்செயலாகவே முடிவு செய்தனர். ஒரு பிரிவினருக்கு எட்டு வாரங்களில் பத்து முறை குத்தூசிச் சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு அதே எட்டு வாரங்களில் ஏழு அமர்வுகளாக உறக்கப் பயிற்சி. எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் இப்பயிற்சியின் இயல்பைப் பின்னர் விளக்குவேன். தூக்கமின்மையின் கடுமையைச் சுழியத்திலிருந்து 28 வரை மதிப்பெண்ணிட்டு அளந்தனர். எட்டு வார முடிவில் பயிற்சி பெற்றோருக்குச் சராசரியாக 10.9 மதிப்பெண் குறைந்தது. ஊசி பெற்றோருக்கு 8.3 குறைந்தது. இரண்டின் நன்மையும் இருபதாம் வாரம் வரை நிலைத்தது.

இதன் பொருள் யாது? ஊசி உதவிற்று, பயிற்சி அதனினும் மிகுதியாக உதவிற்று. குறிப்பாகத் தூக்கமின்மை இலேசாக இருந்தவர்களுள் பயிற்சியால் பயன்பெற்றோர் நூற்றுக்கு 85 பேர். ஊசியால் பயன்பெற்றோர் நூற்றுக்கு 18 பேரே. நோய் கடுமையாக இருந்தவர்களிடையே இவ்வேறுபாடு பெரிதும் சுருங்கிற்று. அங்கே பயிற்சியால் நூற்றுக்கு 75, ஊசியால் நூற்றுக்கு 66.

இந்த ஆய்வில் ஒரு குறையும் உண்டு. எதுவும் செய்யாமல் விடப்பட்ட மூன்றாம் பிரிவு அதில் இல்லை. போலி ஊசி பெற்ற பிரிவும் இல்லை. ஆகவே கிடைத்த நன்மையில் ஊசிமுனையின் பங்கு எவ்வளவு, பரிவோடு கவனிக்கப்பட்டதன் பங்கு எவ்வளவு என்று அதைக்கொண்டு பிரித்துரைக்க இயலாது. 2012-ஆம் ஆண்டில் காக்ரேன் குழுவினர் தூக்கமின்மைக்குக் குத்தூசி பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அவற்றின் தரம் போதாமையால் உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை என்றே கூறினர். அக்குழுவினர் ஊசி பயனற்றது என்று சொல்லவில்லை. சான்று போதாது என்றனர். இவ்விரண்டும் ஒன்றல்ல.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லலாம். முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டால் தூக்கம் கெடாமலிருக்குமா? நான் கூறிய அந்த 160 பேரும் முன்னரே உறக்கம் இழந்தவர்கள். வந்த நோயைத் தணித்தது என்பதிலிருந்து வருமுன் தடுக்கும் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. தீயணைக்கும் நீரை முன்கூட்டியே வீட்டின்மேல் ஊற்றிவைத்தால் தீப்பிடிக்காது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? எனவே, "பத்து ஊசி போட்டால் சிகிச்சை முடியும்வரை நல்ல தூக்கத்துக்கு நான் பொறுப்பு" என்று எவரேனும் உறுதி கூறினால், அவ்வுறுதிக்குப் பணம் கொடாதீர்கள். வலிக்காகவோ குமட்டலுக்காகவோ, அன்றித் தொடங்கிவிட்ட தூக்கமின்மைக்காகவோ, உங்கள் புற்றுநோய் மருத்துவரின் இசைவோடு பயிற்சி பெற்றவரிடம் செல்வீர்களாயின் அதில் நியாயம் உண்டு. பயிற்சியை மேற்கொள்ள மனமோ வாய்ப்போ இல்லாதவருக்கும் ஊசி ஒரு வழியே.

செல்வோர் மனத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள் சில உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் தூய ஊசியாக இருத்தல் வேண்டும். உறையைப் பிரிப்பதை உங்கள் கண்ணால் காணுங்கள். மருந்துச் சிகிச்சையின்போது இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தால் சிறு துளையும் தொற்றுக்கு வாயிலாகலாம். தட்டணுக்கள் குறைந்திருந்தால் குருதி கசியலாம். ஆதலின் அண்மைய இரத்தப் பரிசோதனைத் தாளை உடன் கொண்டு செல்லுங்கள். கட்டி உள்ள இடத்தில் ஊசி கூடாது. அறுவைச் சிகிச்சைக்குப்பின் நெறிக்கட்டிகள் நீக்கப்பட்டு வீங்கிய கையில் ஊசியைத் தவிர்ப்பதே பொதுவான நெறி. எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று: ஊசியால் புற்றுநோயே தீரும், மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்திவிடுங்கள் என்று சொல்பவரின் வாயிலை மீண்டும் மிதியாதீர்கள். உறக்கம் ஒரு மாதம் தள்ளிக் கிடைத்தாலும் கேடில்லை. சிகிச்சை தள்ளிப்போனால் திரும்பப் பெற முடியாத காலம் கழிந்துவிடும்.

தூக்க மாத்திரை பற்றியும் ஒரு சொல். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் குறுகிய காலத்துக்கு அது உதவும். ஆனால் அடுத்த வீட்டார் தந்தார் என்று விழுங்கலாகாது. வலிக்கு மார்ஃபின் போன்ற மருந்து உண்பவர், அதோடு சிலவகைத் தூக்க மாத்திரைகளையும் உண்டால் மூச்சே தளரும் அபாயம் உண்டு. முதியோர் இரவில் எழுந்து தடுமாறி விழுவதும் உண்டு.

இனி, ஊசியினும் மேம்பட்டுநின்ற அந்தப் பயிற்சி யாது? நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதையே கொடுக்கவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. முறையாகக் கற்பிக்க உளவியலாளர் வேண்டும். தொலைபேசி வழியாகவும் கணினி வழியாகவும்கூடக் கற்பிக்கின்றனர். அதன் உயிர்நாடியான சில நெறிகளை வீட்டிலேயே தொடங்கலாம். எந்நேரம் உறங்கினாலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல். படுக்கையை உறக்கத்திற்கு மட்டுமே வைத்துக்கொள்ளுதல். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் உறக்கம் வாராவிடின் எழுந்து வேறிடத்தில் அமைதியாக அமர்ந்து, கண் அயரும்போது மீண்டும் படுத்தல். கடிகாரத்தைக் கண்ணில் படாமல் திருப்பி வைத்தல். பகலுறக்கம் தவிர்க்க இயலாததாயின் மாலைக்கு முன் அரைமணி அளவில் நிறுத்துதல். எழுந்து நடக்க இயலாதவரும் தள்ளாடுபவரும் இரவில் தனியே எழ வேண்டா. அவர்கள் படுக்கையிலேயே சாய்ந்தமர்ந்தால் போதும்.

காலை வெளிச்சமும் ஒரு மருந்தே. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெற்ற 39 பெண்களிடம் செய்து 2012-இல் வெளியிட்ட சிற்றாய்வில், நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் பேரொளியின் முன் அமர்ந்தவர்களுக்கு அயர்ச்சி கூடவில்லை. மங்கிய ஒளியில் அமர்ந்தவர்களுக்குக் கூடிற்று. நம் நாட்டுக்குக் கதிரவன் விலையின்றியே வருகின்றான். திரைச்சீலையை விலக்கினால் போதும். நமக்குரிய யோகாசனமும் சோதிக்கப்பட்டுள்ளது. சிகிச்சை முடித்த 410 பேரிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் மெல்லிய ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் செய்தவர்களின் உறக்கம் மேம்பட்டது.

காப்பியைப் பற்றிச் சொன்னால் கோபிப்பீர்கள். எனினும் சொல்லாமல் விட இயலாது. லேக் மார்க்கெட்டில் அரைத்து வாங்கும் அந்தப் பொடியின் சத்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காப்பி இரவு பதினொரு மணிக்கும் பாதியளவு விழித்திருக்கின்றது. நோயுற்றவருக்குக் காலைக் காப்பி போதும். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையிலேயே எடுத்துக்கொள்ளலாமா என்றும் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு கேள்விக்குச் செலவு எதுவுமில்லை; பல இரவுகள் மிச்சமாகலாம்.

அவையோரே! இறுதியாக அந்த நான்காம் பகுதிக்கு வருகின்றேன். பேணுபவர் என்றால் வீட்டார் மட்டுமா? தாயகத்தில் இருந்திருந்தால் அத்தையும் சித்தியும் மாற்றி மாற்றி வந்திருப்பர். இங்கே நமக்கு அத்தையும் சித்தியும் பக்கத்து வீட்டார்தாம். ஆதலின் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கின்றேன்.

ஒன்று, நலம் விசாரிக்கச் செல்வதற்கு ஒரு நேரம் வகுத்துக்கொள்வோம். அன்பினால்தான் செல்கின்றோம். ஆயினும் இரவு ஒன்பது மணிக்குச் சென்று, இதே நோயால் மறைந்த உறவினரின் கதையைச் சொல்லிவிட்டு வந்தால், நாம் வீடு திரும்பி உறங்குவோம், அவர் உறங்கமாட்டார். காலையில் சென்று, கைபிடித்து வெயிலில் சிறிது நடத்தி அழைத்து வருவோம்.

இரண்டு, பேணுபவரின் உறக்கத்தையும் காப்போம். கணவருக்காக விழித்திருக்கும் மனைவி, தாய்க்காக விழித்திருக்கும் மகன் ஆகியோருக்கு வாரத்தில் ஓர் இரவேனும் ஓய்வு வேண்டும். நம்முள் இருவர் முறைவைத்து அந்த வீட்டின் கூடத்தில் படுத்துக்கொண்டால், அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணயர்வார்கள்.

மூன்று, ஒலிபெருக்கி. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அதை ஒலிக்கவிடலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின் பொது நெறி. விழாக்காலத்துக்குச் சில நாள் விலக்கு உண்டென்பதை அறிவேன். விலக்கு இருப்பதனால் அதைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்பதில்லை. பூசைப் பந்தல்களை நம்மால் அடக்க இயலாது. நம் மேடையை நம்மால் அடக்க இயலும். நம் சங்கத்தின் நிகழ்ச்சிகள் யாவும், இன்றைய நிகழ்ச்சி உட்பட, பத்து மணிக்குள் நிறைவுறும் என்று இம்மேடையிலேயே தலைவர் அவர்கள் அறிவிப்பார்களாயின், மகிழ்ச்சியடைவேன். மேற்குப் பக்கத்து மாடிகளில் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருப்போருள் சிலர், இவ்விழாவுக்கு வர விரும்பியும் வர இயலாதவர்கள் என்பதை நினைவூட்டுகின்றேன்.

ஊசி செய்யக்கூடியது சிறிது. அதைத் தகுந்தவரிடம், தகுந்த காலத்தில் பெறுவோம். பழக்கம் செய்யக்கூடியது அதனினும் பெரிது. அதை இன்றே தொடங்குவோம். உற்றார் செய்யக்கூடியதற்கோ கட்டணமும் இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை.